படத்தொகுப்பில் எந்தப் படத்தை எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று அறிவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் நீங்கள் எடுத்த பறவைப் படங்கள் சுமார் 600, உங்கள் வேர்ட்பிரஸ் தளத்தில் ஒரே பக்கத்தில் சிறுபடங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றைத் தொட்டால் அது லைட்பாக்ஸில் பெரிதாகத் திறக்கிறது. கூகுள் அனலிட்டிக்ஸ் அந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை மட்டும் காட்டுகிறதே தவிர, எந்தப் படத்தைத் திறந்தார்கள் என்பதைக் காட்டவில்லை. அடுத்த ஆண்டு நாட்காட்டிக்கு 12 படங்களைத் தேர்ந்தெடுக்க அந்தக் கணக்கு வேண்டும் என்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கிளிக்குகளை எப்படி எண்ணுவது என்பது ஒன்று. அந்த எண்ணிக்கையை வைத்து மக்களுக்குப் பிடித்த படம் எது என்று சொல்ல முடியுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உறுதியான விடை உண்டு. இரண்டாவதற்குப் பாதி விடைதான் கிடைக்கும், அதுவும் கிளிக்கோடு வேறு சிலவற்றையும் சேர்த்து எண்ணினால்தான். படத்தொகுப்புத் தளங்களைக் கட்டிப் பராமரிப்பதே என் தொழில் என்பதால், இரண்டையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அனலிட்டிக்ஸ் ஏன் மௌனமாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவுகளை ஏற்பதை நிறுத்திவிட்டது. இப்போது இருப்பது கூகுள் அனலிட்டிக்ஸ் 4, சுருக்கமாக ஜிஏ4. இது தானாகவே பதிவு செய்யும் நிகழ்வுகள் சில உண்டு: பக்கம் திறத்தல், பக்கத்தில் 90 சதவீதம் வரை கீழே உருட்டுதல், வேறு தளத்துக்கு இட்டுச் செல்லும் இணைப்பைத் தொடுதல், தளத்துக்குள் தேடுதல், பதிக்கப்பட்ட யூடியூப் வீடியோவைப் பார்த்தல், கோப்புப் பதிவிறக்கம், படிவம் நிரப்புதல். லைட்பாக்ஸில் படத்தைத் திறப்பது இவற்றில் எதிலும் அடங்காது. படம் உங்கள் தளத்திலேயே இருப்பதால் அது வெளியிணைப்பு ஆகாது. பதிவிறக்கமாக எண்ணப்படும் கோப்பு வகைகளில் பிடிஎஃப், ஜிப், எம்பி3 போன்றவை இருக்கின்றன, ஜேபெக் இல்லை. பெரும்பாலான லைட்பாக்ஸ்கள் முகவரிப் பட்டியில் எதையும் மாற்றாததால் அது புதிய பக்கமாகவும் கணக்கில் ஏறாது. ஆகவே உங்கள் அமைப்பில் பிழை ஏதும் இல்லை. கேட்காததை அது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பலர் உங்களுக்குச் சொல்லக்கூடிய யோசனை, சர்வர் லாகை, அதாவது சர்வருக்கு வந்த கோரிக்கைகளின் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு படக்கோப்பும் எத்தனை முறை கேட்கப்பட்டது என்று எண்ணுவது. எளிதாகத் தோன்றினாலும் உங்கள் நோக்கத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவர் ஒரு படத்தைத் திறந்ததும், அடுத்து அம்புக்குறியை அழுத்துவார் என்று எதிர்பார்த்துப் பக்கத்துப் படங்களையும் லைட்பாக்ஸ் முன்கூட்டியே தருவித்துவிடும். ஃபோட்டோஸ்வைப் போன்ற பரவலான நிரல்களில் இதுதான் இயல்பான ஏற்பாடு. ஆக, ஒரு கிளிக்குக்கு லாகில் மூன்று நான்கு வரிகள் விழும். யாரும் கண்ணால் காணாத படமும் பார்க்கப்பட்டதாகப் பதிவாகும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. நேற்று பார்த்த படத்தை இன்று அதே ஆள் மறுபடி திறந்தால், உலாவி தன் சேமிப்பிலிருந்தே அதை எடுத்துக் காட்டிவிடும், சர்வருக்குச் செய்தியே போகாது. இடையில் சிடிஎன், அதாவது படங்களின் பிரதியை வைத்து உங்கள் சர்வருக்குப் பதிலாக வழங்கும் சேவை இருந்தால் பெரும்பாலான கோரிக்கைகள் அதனோடு நின்றுவிடும். இவற்றுக்கு மேல் கூகுளின் பட ரோபோ முதலான தானியங்கிகள் வந்து போகின்றன. வேறு யாரோ உங்கள் படத்தின் முகவரியைத் தம் பக்கத்தில் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கத்தின் வருகையெல்லாம் உங்கள் லாகில் சேர்கிறது. மிகையும் குறையும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை, ஏனென்றால் எந்தப் படத்துக்கு எது எவ்வளவு நேர்ந்தது என்று பிரித்தறிய வழியில்லை. உங்கள் படத்தை வேறு தளங்கள் எடுத்தாள்கின்றனவா என்று கண்டுபிடிக்க லாக் மிகவும் பயன்படும். விருப்பத்தை அளக்கப் பயன்படாது.

சரியான வழி, கிளிக் நிகழும் இடமான உலாவியிலேயே அதைப் பிடிப்பது. 600 படங்களுக்கும் தனித்தனியாக நிரலைக் கட்டத் தேவையில்லை. தொகுப்பு முழுவதையும் தாங்கி நிற்கும் வெளி உறுப்பில் ஒரே ஒரு கிளிக் கேட்பானை (கிளிக் நிகழ்ந்ததும் ஓடும் சிறு நிரலை) வைத்து, தொடப்பட்ட புள்ளியிலிருந்து மேல்நோக்கிச் சென்று அது எந்தப் படத்தின் சட்டகத்துக்குள் இருக்கிறது என்று குளோசஸ்ட் என்ற கட்டளையால் கண்டுபிடித்தால் போதும். பிறகு சேர்க்கும் படங்களுக்கும் அது தானாகவே பொருந்தும். இதில் ஒரு நுணுக்கத்தை மறக்கக் கூடாது. சில லைட்பாக்ஸ்கள் கிளிக்கைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, அது மேலே பரவாமல் தடுத்துவிடும். அப்போது வெளி உறுப்பில் காத்திருக்கும் உங்கள் நிரலுக்கு எதுவும் எட்டாது. கேட்பானைக் கேப்சர் கட்டத்தில், அதாவது நிகழ்வு மேலிருந்து கீழே இறங்கும்போதே பிடிக்கும் வகையில் பதிவு செய்தால் இந்தச் சிக்கல் எழாது. கைபேசிக்கென்று டச்ஸ்டார்ட் நிகழ்வைத் தனியாகச் சேர்க்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இணையத்தில் இன்னும் உலவுகின்றன, அதைச் செய்யாதீர்கள். பக்கத்தை உருட்டுவதற்காக விரல் வைத்தாலே அது படத்தைத் தொட்டதாகப் பதிவாகிவிடும். கிளிக் என்ற ஒரே நிகழ்வு சுட்டி, விரல் தட்டு இரண்டையும் உள்ளடக்கியது. படம் இணைப்பாகவோ பொத்தானாகவோ அமைந்திருந்தால் விசைப்பலகையின் என்டரையும் சேர்த்துக்கொள்ளும். சுட்டியின் நடுப்பொத்தானால் புதிய தாவலில் திறப்பவர்கள் மட்டும் இதில் விடுபடுவார்கள். அவர்களும் வேண்டுமென்றால் ஆக்ஸ்கிளிக் என்ற நிகழ்வையும் கேட்க வேண்டும்.

அடுத்து வருவதுதான் பெரும்பாலானோர் கவனிக்கத் தவறும் இடம்: படத்துக்கு என்ன அடையாளம் கொடுப்பது? கோப்பின் பெயரையே அடையாளமாகக் கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றும். வேர்ட்பிரஸில் அது சரிப்படாது. நீங்கள் ஏற்றும் ஒரே பூநாரைப் படத்தை அது பல அளவுகளில் வெட்டி, பெயரின் முடிவில் 150x150, 300x200, 1024x683 என்றெல்லாம் சேர்த்துத் தனித்தனிக் கோப்புகளாக வைக்கிறது. நீளமோ அகலமோ 2560 பிக்சலைத் தாண்டிய படமென்றால், 2019-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து ‘ஸ்கேல்டு’ என்ற ஒட்டுடன் இன்னொரு பிரதியும் உருவாகிறது. இவற்றில் எது காட்டப்பட வேண்டும் என்பதைப் பார்ப்பவரின் திரை அகலத்தைப் பொறுத்து உலாவி முடிவு செய்கிறது. கோப்புப் பெயரை அனுப்பினால் கைபேசிக்காரர்கள் பார்த்த பூநாரையும் கணினிக்காரர்கள் பார்த்த பூநாரையும் உங்கள் அறிக்கையில் வெவ்வேறு படங்களாக நிற்கும். இரண்டுமே பட்டியலின் நடுவில் எங்கோ புதைந்து போகும். இன்றைய பிளாக் எடிட்டரில் சேர்த்த படம் ஒவ்வொன்றிலும் ‘டபிள்யூபி-இமேஜ்-4127’ என்பதுபோல ஒரு வகுப்புப் பெயர் இருப்பதைப் பக்க மூலத்தில் பார்க்கலாம். அதிலுள்ள எண், ஊடக நூலகத்தில் அந்தப் படத்துக்குரிய நிலையான எண். கோப்பின் அளவு மாறினாலும், தலைப்பைத் திருத்தினாலும் அது மாறாது. அதையே அடையாளமாகக் கொள்ளுங்கள். பழைய கேலரி ஷார்ட்கோடிலோ வேறு செருகுநிரலிலோ அமைத்திருந்தால் இந்த வகுப்பு இல்லாமல் இருக்கலாம். அப்போது படத்தின் எச்டிஎம்எல் குறியில் டேட்டா பண்பு ஒன்றைச் சேர்த்து அதில் எண்ணை நாமே எழுதிவைக்க வேண்டும்.

பிடித்த கிளிக்கை எங்கே அனுப்புவது என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஜிஏ4-க்கே ஒரு தனி நிகழ்வாக அனுப்பலாம். அப்படிச் செய்தால், படத்தின் எண்ணைத் தாங்கும் அளவுருவை நிர்வாகப் பகுதியில் தனிப்பயன் பரிமாணமாக, அதாவது அறிக்கையில் பிரித்துப் பார்க்கக்கூடிய விவரமாகப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்வதற்கு முந்தைய நாட்களின் விவரம் பிறகு அறிக்கையில் வராது. ஒரு நாளில் 500-க்கு மேற்பட்ட வெவ்வேறு மதிப்புகள் வரும் பரிமாணத்தை மிகையாகச் சிதறியதாக அது கருதுவதால், மீதியை எல்லாம் ‘மற்றவை’ என்ற ஒரே வரிசையில் கொட்டிவிடும் வாய்ப்பு உண்டு. தனிப்பட்ட ஆய்வுகளுக்கான தரவு இயல்பாக 2 மாதங்களே வைக்கப்படும் என்பதால், அமைப்பில் அதை 14 மாதங்களாக மாற்றிக்கொள்வதும் அவசியம். இரண்டாவது வழி, உங்கள் சொந்தத் தரவுத்தளத்தில் ஒரு சிறிய அட்டவணை. படத்தின் எண், நடந்த செயல், பக்கத்தில் அது எத்தனையாவதாக இருந்தது, நேரம், கைபேசியா கணினியா என்ற ஐந்து பத்திகள் போதும். உங்களைப் போன்ற ஒருவருக்கு நான் இதைத்தான் விரும்புவேன், ஏனென்றால் கீழே சொல்லப்போகும் கணக்குகளை எல்லாம் மூலத் தரவிலிருந்து எடுப்பது எளிது. நிரல் எழுதுவது வேண்டாம் என்றால், உங்கள் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளக்கூடிய மட்டோமோ என்ற பார்வையாளர் கணக்கு மென்பொருளில் படத்தின் காட்சியையும் தொடுதலையும் சேர்த்தே எண்ணும் வசதி இருக்கிறது. எந்த வழியானாலும் செய்தியை அனுப்ப சென்ட்பீக்கன் என்ற உலாவி வசதியைப் பயன்படுத்துங்கள். சாதாரணக் கோரிக்கை, பார்வையாளர் உடனே பக்கத்தை மூடினால் பாதியிலேயே அறுந்துவிடும். இது பக்கம் மூடிய பிறகும் போய்ச் சேரும்படி வடிவமைக்கப்பட்டது. செய்தியைப் பெறும் சர்வர் நிரலில், வந்த எண் உண்மையிலேயே உங்கள் படத்தின் எண்தானா என்று சரிபார்த்த பிறகே பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் அந்த முகவரிக்கு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அனுப்ப முடியும்.

லைட்பாக்ஸ் திறந்த பிறகு நடப்பதும் முக்கியம். சிறுபடத்தைத் தேர்ந்து தொட்டவர் ஒரு முடிவெடுத்திருக்கிறார். அங்கிருந்து அம்புக்குறியையோ விரல் தள்ளலையோ பயன்படுத்தி அடுத்த படத்துக்குப் போனவர் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, அது அவர் முன்னால் வந்தது. இரண்டையும் ஒரே பெயரில் பதிவு செய்தால், ஒரு நல்ல படத்துக்கு அடுத்து இருக்கும் சுமாரான படமும் மேலே ஏறிவிடும். லைட்பாக்ஸ் நிரல்கள் பலவும் படம் மாறும்போது ஓர் அறிவிப்பை எழுப்புகின்றன. அதைக் கேட்டு ‘நகர்ந்து வந்தது’ என்று தனியாகக் குறியுங்கள். கூடவே ஒவ்வொரு படமும் எத்தனை நொடி திரையில் நின்றது என்பதையும் குறித்துக்கொண்டால், தள்ளிக்கொண்டே போகும் ஒருவர் எந்தப் படத்தில் நின்றார் என்பது தெரியும். என் அனுபவத்தில் இந்த நிற்கும் நேரம், கிளிக்கைவிட விருப்பத்துக்கு நெருக்கமான குறி. எனினும் கைபேசியைத் திறந்தபடியே வைத்துவிட்டு எழுந்து போனவரின் நேரமும் இதில் கலக்கும் என்பதால், தாவல் மறைந்திருக்கும் நேரத்தைக் கழித்து, ஒரு நிமிடத்துக்கு மேற்பட்டதை ஒரு நிமிடமாகவே கொண்டு, சராசரிக்குப் பதில் நடுமதிப்பை எடுப்பது நல்லது.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 600 படங்கள் உள்ள பக்கத்தில் முதல் சில வரிசைகளைத் தாண்டாமலே திரும்புகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். கடைசி வரிசையிலுள்ள மஞ்சள் மூக்கு நாரையை யாரும் திறக்கவில்லை என்றால், அது பிடிக்கவில்லை என்று பொருளாகாது. அதை யாரும் காணவே இல்லை. ஆகவே வெறும் கிளிக் எண்ணிக்கையைப் பட்டியலிட்டால், உங்களுக்குக் கிடைப்பது பக்கத்தில் நீங்களே வைத்த வரிசையின் எதிரொலிதான். இதைத் திருத்த, ஒவ்வொரு சிறுபடமும் எத்தனை முறை திரையில் தெரிந்தது என்பதையும் எண்ணி, கிளிக்கை அதனால் வகுக்க வேண்டும். இன்டர்செக்ஷன் அப்சர்வர் என்ற உலாவி வசதி இதற்காகவே இருக்கிறது. பாதிப் பரப்பாவது தொடர்ந்து ஒரு நொடி தெரிந்தால்தான் அது காட்சி என்று விளம்பரத் துறையில் ஒரு வரையறை உண்டு. அதையே நீங்களும் பின்பற்றலாம்.

வகுத்த பிறகும் இடத்தின் செல்வாக்கு முற்றிலும் நீங்காது. தேடல் முடிவுகளைப் பற்றி கார்னெல் பல்கலைக்கழகத்தின் தார்ஸ்டன் யோவாகிம்ஸும் சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கூகுள் காட்டிய முதல் இரண்டு முடிவுகளை இடம் மாற்றி வைத்தபோதும் மேலே இருந்ததையே மக்கள் அதிகம் தொட்டார்கள். அது எழுத்தால் ஆன பட்டியல், உங்களுடையது படங்களின் கட்டம் என்பதால் அதே அளவு விளைவு இங்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. மேலிருப்பதற்குச் சலுகை உண்டு என்பதை மட்டும் ஐயமின்றி எடுத்துக்கொள்ளலாம். இதற்கு மருந்து, ஒவ்வொரு வருகையிலும் படங்களின் வரிசையைக் குலைத்துப் போடுவது. வேர்ட்பிரஸ்காரர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பக்கத்தைச் சேமித்துவைத்து வழங்கும் கேஷ் செருகுநிரல் இருந்தால், சர்வரில் குலைத்த ஒரே வரிசை அத்தனை பேருக்கும் போகும், நீங்கள் குலைத்ததாகவே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். குலைப்பதை உலாவியில் செய்யுங்கள். படங்களைத் தருவிப்பதற்கு முன்பே அது நடந்துவிட வேண்டும், இல்லையென்றால் பார்வையாளரின் கண்ணெதிரே கட்டம் துள்ளும்.

எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது சதவீதத்தை நம்பக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு படம் 20 முறை தெரிந்து 3 முறை திறக்கப்பட்டால் 15 சதவீதம். இன்னொன்று 400 முறை தெரிந்து 60 முறை திறக்கப்பட்டாலும் அதே 15 சதவீதம். 1927-இல் எட்வின் வில்சன் தந்த வாய்பாட்டின்படி 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டால், முதல் படத்தின் உண்மையான விகிதம் ஏறத்தாழ 5-க்கும் 36-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இரண்டாவதுக்கு அந்த இடைவெளி ஏறத்தாழ 12 முதல் 19 வரை. வரிசைப்படுத்தும்போது சதவீதத்தை எடுக்காமல் இந்த இடைவெளியின் கீழ் எல்லையை எடுங்கள். அப்போதுதான் 20 முறை மட்டுமே தெரிந்த முதல் படம், 400 முறை தெரிந்த இரண்டாவது படத்துக்குச் சமமாகப் போய் உட்காராமல் அதற்குக் கீழே இறங்கும்.

இவ்வளவு செய்த பிறகும், கிளிக் என்பது விருப்பத்தின் அறிகுறியா ஆர்வத்தின் அறிகுறியா என்ற ஐயம் மிஞ்சுகிறது. வேர்ட்பிரஸின் சிறுபடம் இயல்பாக 150-க்கு 150 சதுரமாக, நடுப்பகுதியை மட்டும் வைத்து வெட்டப்படுகிறது. அகலமான படத்தில் இடது ஓரத்தில் நிற்கும் பறவையின் தலை அதில் அறுந்துபோகும். இது என்ன பறவை என்று பார்ப்பதற்காகவே பலர் அதைத் திறப்பார்கள், பார்த்ததும் மூடுவார்கள். மாறாக, சிறுபடத்திலேயே முழு அழகும் தெரிந்துவிடும் படத்தைத் திறக்க வேண்டிய தேவையே சிலருக்கு இருக்காது. நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்த இரு வகையையும் ஓரளவு பிரிக்கலாம்: அடிக்கடி திறக்கப்பட்டு உடனே மூடப்படும் படம் புதிர், திறந்தவர்கள் நிதானமாக நின்று பார்க்கும் படம் உங்களுக்கு வேண்டிய படம். சிறுபடங்களை வெட்டாமல் முழு விகிதத்தில் காட்டுவது இன்னும் நல்லது. அளப்பதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள், நடுவில் மாற்றினால் முன்னும் பின்னும் வந்த எண்களை ஒப்பிட முடியாது.

கணக்கில் வராதவர்களும் இருப்பார்கள். விளம்பரத் தடுப்பான்கள் கூகுள் அனலிட்டிக்ஸையும் சேர்த்தே தடுக்கின்றன. சொந்தத் தளத்திலிருந்தே ஓடும் நிரல் இதில் தப்பிக்கும் வாய்ப்பு அதிகம் என்றாலும் உறுதியில்லை. உங்களுக்கு வேண்டியது படங்களுக்கிடையிலான ஒப்பீடு என்பதால், தடுப்பவர்களின் ரசனை மற்றவர்களுடையதிலிருந்து பெரிதும் மாறுபடாதவரை இது அவ்வளவாகப் பாதிக்காது. உங்கள் சொந்த வருகையை மட்டும் கட்டாயம் நீக்குங்கள். வேர்ட்பிரஸில் உள்நுழைந்த நிலையில் இருப்பவருக்கு நிரலே ஏறாதபடி செய்துவிட்டால் போதும். தனியுரிமையைப் பொறுத்தவரை, யார் திறந்தார் என்பது உங்களுக்குத் தேவையே இல்லை, எனவே அதைச் சேகரிக்காதீர்கள். ஐபி முகவரியும் தனிநபர் தரவாகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. இந்தியாவிலும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஒரே ஆள் ஒரே படத்தை ஐந்து முறை திறப்பதை ஒன்றாக எண்ண, பக்கம் திறக்கும்போது உலாவியின் நினைவகத்தில் உருவாகிப் பக்கத்தை மூடியதும் மறைந்துவிடும் ஒரு தற்செயல் எண் போதும், குக்கி வேண்டியதில்லை. அப்போதும் சர்வரின் லாகில் ஐபி தங்கும் என்பதால், தளத்தின் தனியுரிமைக் குறிப்பில் என்ன எண்ணுகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். ஐரோப்பியப் பார்வையாளர்கள் கணிசமாக இருந்தால் ஒப்புதல் தேவையா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்பதே சரி. அது என் துறை அல்ல.

நாட்காட்டிக்கு நான் செய்யக்கூடியது இதுதான். வரிசையைக் குலைத்த நிலையில், ஒவ்வொரு படமும் சில நூறு முறையாவது தெரியும்வரை பொறுத்திருப்பேன்; தளத்தின் வருகை குறைவாக இருந்தால் 600-ஐயும் அளக்க முயலாமல், நீங்களே தேர்ந்த 80 படங்களை மட்டும் தனிப்பக்கமாக வைத்து அளப்பேன். கீழ் எல்லைப்படி முன்னிற்பவையும், நிற்கும் நேரத்தில் முன்னிற்பவையும் சேர்ந்து ஒரு 30 படங்கள் கிடைக்கும். அதிலிருந்து 12-ஐ உங்கள் கண்ணால்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் ஒரே நாரை நான்கு மாதங்களுக்கு வரக் கூடாது என்பதோ, வலசை வரும் பறவையை அது வந்திறங்கும் மாதத்தில் வைக்க வேண்டும் என்பதோ கிளிக்குக்குத் தெரியாது. அச்சுக்குக் கொடுக்கும்போது தளத்திலுள்ள ‘ஸ்கேல்டு’ பிரதியை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட நீளவாக்கில் 4961 பிக்சல் வேண்டும், அந்தப் பிரதியில் இருப்பதோ 2560 மட்டுமே. கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பையே கொடுங்கள்.